கேலி செய்யவும் கவிஞன் வேண்டும்

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

கவிதை பற்றிப் பேச எத்தனையோ கூட்டங்கள் நடக்கின்றன. இன்று நான் பேச வந்தது கவிதையைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பைப் பற்றி. புதுக்கவிதை எப்படி எழுதப்படுகிறது என்று நம் ஊரில் எல்லோரும் ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். "ஒரு பத்தி உரைநடையை எடு. மூன்று சொல்லுக்கு ஒருமுறை மடக்கு. கடைசியில் மூன்று புள்ளி வை. கவிதை ஆயிற்று!" இதைக் கேட்காதவர் இந்த அரங்கில் யாராவது உண்டா? கல்யாணப் பந்தியில் கேட்டிருக்கிறோம். ஆசிரியர் அறையில் கேட்டிருக்கிறோம். பட்டிமன்றத்தில் கேட்டுக் கைதட்டியும் இருக்கிறோம்.

நான் முப்பது ஆண்டு தமிழாசிரியனாக இருந்தவன். கவிதையை நேசிப்பவன் என்று தெரிந்தே என் முகத்துக்கு நேரே இதைச் சொன்னவர்கள் உண்டு. ஒவ்வொரு முறையும் எனக்கு வலித்தது. அந்தக் கேலியில் உண்மையும் கலந்திருந்ததால்தான் அப்படி வலித்தது. பொய் சொன்னால் கோபம் வரும், உண்மை சொன்னால்தானே வலிக்கும்?

அப்படியானால் இந்தச் சிரிப்பை என்ன செய்வது? எப்போது அது கவிதைக்கு உரமாகிறது, எப்போது வெந்நீராகிறது? இதை நினைக்கும் போதெல்லாம் எனக்கு ஒரு கதை நினைவுக்கு வரும். ஆஸ்திரேலியாவில் நடந்த உண்மைக் கதை. கவிதையைக் கேலி செய்தவர்களின் வரலாற்றில் இதற்கு இணையான கதை எனக்குத் தெரிந்து வேறில்லை. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுமையாகக் கேளுங்கள்.

1943ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருக்கிறது. மெல்பர்ன் நகரில் விக்டோரியா பாரக்ஸ் என்னும் ராணுவக் கட்டடம். அங்கே ஒரு சனிக்கிழமை பிற்பகலில் இரண்டு இளைஞர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் ஜேம்ஸ் மெக்காலி, மற்றவர் ஹரால்ட் ஸ்டூவர்ட். சிட்னியில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். போர்க்காலப் பணிக்காகச் சீருடை அணிந்தவர்கள். இருவரும் கவிஞர்கள். யாப்பும் சந்தமும் கைவந்தவர்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அன்றைய நவீன கவிதையின் மேல் அவர்களுக்கு ஆத்திரம். பொருளும் போய்விட்டது, தொழில் நேர்த்தியும் போய்விட்டது, புரியாததை எழுதினால் புகழ் கிடைக்கிறது என்பது அவர்கள் எண்ணம். வாதம் செய்து பயனில்லை, சோதித்துப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். மேஜையில் என்னென்ன இருந்தன தெரியுமா? ஓர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி. ஷேக்ஸ்பியர் தொகுப்பு. மேற்கோள் அகராதி. எதுகைச் சொல் அகராதி. இன்னொன்றும் இருந்தது. கொசு உற்பத்தியாகும் இடங்களில் நீரை வடிப்பது எப்படி என்று விளக்கும் அமெரிக்க அறிக்கை!

புத்தகத்தைத் திறக்க வேண்டியது. கண்ணில் பட்ட சொல்லை எடுக்க வேண்டியது. பட்டியல் போட வேண்டியது. பட்டியலில் இருந்து வரி கோக்க வேண்டியது. ஒரு கவிதையின் முதல் மூன்று வரிகளை அப்படியே கொசு அறிக்கையிலிருந்து தூக்கி வைத்தார்கள். லெனின் சொன்னதாக ஒரு வாசகத்தைத் தாங்களே இட்டுக்கட்டிச் சேர்த்தார்கள். தொடர்ச்சியான பொருள் இருக்கக் கூடாது, ஓசையில் அக்கறை காட்டக் கூடாது, வேண்டுமென்றே கரடுமுரடாக்க வேண்டும் என்று விதிகளும் வகுத்துக்கொண்டார்கள். மாலையும் இரவும் கழிவதற்குள் ஒரு கவிஞனின் வாழ்நாள் படைப்பு தயார். மொத்தம் பதினாறு கவிதைகள்.

கவிதை தயார். கவிஞன் வேண்டாமா? அவனையும் படைத்தார்கள். பெயர் எர்ன் மாலி. இங்கிலாந்தின் லிவர்பூலில் 1918இல் பிறந்தவன். சிறுவயதில் ஆஸ்திரேலியாவுக்கு வந்தவன். பட்டறையில் மெக்கானிக் வேலை, பிறகு இன்ஷூரன்ஸ் விற்பனை. யாரிடமும் காட்டாமல் கவிதை எழுதி வைத்துவிட்டு, 25 வயதில் நோய் கண்டு இறந்துபோனவன். அவனுக்கு எத்தல் என்று ஒரு சகோதரி. அவள் கையெழுத்தில் ஒரு கடிதம். 'எனக்குக் கவிதை தெரியாது, என் சகோதரனின் சாமான்களில் இவை கிடந்தன, இவற்றுக்கு மதிப்பு உண்டா என்று சொல்வீர்களா' என்று கேட்கும் எளிய பெண்ணின் கடிதம்.

சில கவிதைகளோடு கடிதம் போன இடம் அடிலெய்டு நகரம். ஆங்ரி பெங்குவின்ஸ் என்னும் சிறுபத்திரிகை. கோபக்காரப் பெங்குவின்கள்! அதன் ஆசிரியர் மாக்ஸ் ஹாரிஸ், வயது 22. பிரித்துப் படித்தார், பரவசமானார். மறைந்துபோன மேதை ஒருவனைத் தாம் கண்டெடுத்துவிட்டதாக நம்பினார். மீதியையும் அனுப்பச் சொன்னார். 1944இல் எர்ன் மாலிக்காகவே சிறப்பிதழ் கொண்டுவந்தார். அட்டை ஓவியம் சிட்னி நோலன், பின்னாளில் ஆஸ்திரேலியாவின் மாபெரும் ஓவியர்களில் ஒருவராகப் புகழ் பெற்றவர்.

ஜூன் 25. சிட்னியின் ஞாயிறு இதழ் ஒன்று முழுக் கதையையும் போட்டு உடைத்தது. எர்ன் மாலி என்று ஒருவன் பிறக்கவே இல்லை. எத்தல் என்று ஒருத்தி அழவே இல்லை. எழுதியவர்கள் இருவரும் தங்கள் செய்முறையை வரி பிசகாமல் அறிக்கையாகக் கொடுத்தார்கள். நாடே சிரித்தது.

நண்பர்களே, மாக்ஸ் ஹாரிஸ் எங்கே சறுக்கினார்? கவிதை புரியாமல் சறுக்கினாரா? என் கருத்து வேறு. அவர் கைக்குப் பதினாறு கவிதைகளோடு ஒரு சாவும் வந்து சேர்ந்தது. 25 வயதில் செத்த ஏழை மெக்கானிக்! கண்ணில் நீர் நிறைந்த பிறகு எழுத்து எப்படித் தெளிவாகத் தெரியும்? நமக்கும் இது நேர்கிறதா, இல்லையா? பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 29 வயதில் போனார் என்று நினைத்ததுமே நம் குரல் தழுதழுக்கிறது. அவர் பாட்டு அந்தத் தழுதழுப்பு இல்லாமலே நிற்கும், அது வேறு செய்தி. ஆனால் எத்தனை சுமாரான கவிதைகளை, எழுதியவரின் துயரத்துக்காகத் தலையில் வைத்துக் கொண்டாடியிருக்கிறோம்?

நம் மரபில் இதற்கொரு மாற்று மருந்து இருக்கிறது. தருமி கொண்டுவந்த பாட்டைக் கேட்ட நக்கீரரை எண்ணிப் பாருங்கள். கொண்டுவந்தவன் ஏழை என்பதற்காக அவர் இரங்கவில்லை. எழுதியவன் இறைவன் என்பதற்காக அஞ்சவும் இல்லை. பாட்டில் பொருட்குற்றம் உண்டா இல்லையா, அவ்வளவுதான் அவர் கேட்டது. அது புராணக் கதை என்று தள்ள வேண்டாம். ஒரு பத்திரிகை ஆசிரியர் எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் அது நல்ல கேலி. ஒரு தவறு வெளிச்சத்துக்கு வந்தது, ஓர் ஆசிரியர் பாடம் கற்றார் என்று போயிருக்கும். முடியவில்லையே! அடுத்து வந்தது போலீஸ்.

அதே 1944 செப்டம்பரில் அடிலெய்டு போலீஸ் நீதிமன்றத்தில் மாக்ஸ் ஹாரிஸ் நிறுத்தப்பட்டார். குற்றச்சாட்டு, ஆபாசமானவற்றை வெளியிட்டது. எழுதிய இருவரும் கூண்டில் இல்லை, ஏமாந்தவர்தான் கூண்டில் நிற்கிறார். சாட்சி சொன்ன துப்பறியும் அதிகாரி என்ன சொன்னார் தெரியுமா? இரவு நேரப் பூங்கா ஒன்று ஒரு கவிதையில் வருகிறது. இரவில் பூங்காவுக்குப் போகிறவர்கள் தவறான நோக்கத்தோடுதான் போவார்கள், ஆகவே கவிதை ஆபாசம் என்றார். இன்னொரு கவிதையில் முறைகேடான உறவைக் குறிக்கும் ஒரு சொல் வருகிறது. அதன் பொருள் எனக்குத் தெரியாது, ஆனால் அதில் ஏதோ அசிங்கம் இருப்பதாகப் படுகிறது என்றார். சொல்லுக்குப் பொருள் தெரியாதவர் சொல்லின் மேல் வழக்குத் தொடுத்தார்! ஐந்து பவுண்டு அபராதம் விதித்துத் தீர்ப்பு வந்தது. பத்திரிகை 1946இல் நின்றுபோனது.

இந்த இடத்தில் என் சிரிப்பு நின்றுவிடுகிறது. கவிதையைக் கவிஞன் கேலி செய்தால் அது எங்கள் வீட்டுச் சண்டை. அண்ணன் தம்பி அடித்துக்கொள்வோம், மாலையில் ஒரே பந்தியில் உட்காருவோம். அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தெருவில் போகிற போலீஸ்காரர் உள்ளே நுழைந்தால்? புரியாதது கேலிக்குரியது என்று ஊர் பேசத் தொடங்கினால், புரியாதது குற்றம் என்று அரசு பேசத் தொடங்க அதிக நாள் ஆகாது. கேலி செய்கிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

சரி, இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம். எர்ன் மாலியைப் படித்த அன்று இரவு எனக்குச் சின்ன வயதில் பாட்டி சொன்ன கம்பர் கதை நினைவுக்கு வந்தது. உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சோழன் அவையில் பாட்டுப் பாடினால் பரிசு கிடைக்கும் என்று மனைவி விரட்ட, எழுத்தறியாத ஏழை ஒருவன் கிளம்புகிறான். வழியில் மண்ணை அள்ளித் தின்னும் பிள்ளையைப் பார்க்கிறான், அது ஒரு வரி. காகம் கரைகிறது, அது ஒரு வரி. குயில் கூவுகிறது, அது ஒரு வரி. கோயிலில் பெருச்சாளி வளை தோண்டுகிறது, அதுவும் ஒரு வரி. எல்லாவற்றையும் கோத்து அரசன் முன் பாடினான். அவை கொல்லென்று சிரித்தது. கன்னாபின்னா என்று இன்றும் சொல்கிறோமே, அந்தச் சொல்லே இந்தக் கதையிலிருந்து வந்தது என்பார்கள்.

கம்பர் எழுந்தார். சிரிக்காதீர்கள், ஆழ்ந்த பொருள் இருக்கிறது என்றார். குயிலின் 'கூ' என்ற எழுத்துக்குப் பூமி என்று பொருள், ஆகவே பூமிக்கு இறைவன் என்று அரசனைப் பாடுகிறான் என்றார். பெருச்சாளியைப் பிரித்து உள்ளே ஆளியைக் காட்டினார், அதாவது சிங்கத்தை! அவை வாயடைத்துப்போயிற்று. ஏழைக்குப் பரிசு கிடைத்தது.

இரண்டு கதையிலும் வழியில் கிடைத்த சொற்களைப் பொறுக்கிக் கோத்த பாட்டு. இரண்டிலும் பொருள் கண்டுபிடிக்கிற ஓர் அறிஞர். என்ன வேறுபாடு? கம்பருக்குத் தாம் என்ன செய்கிறோம் என்று தெரியும். பொருள் பாட்டில் இல்லை, தம் புலமையில் இருக்கிறது, அதை ஓர் ஏழையின் பசிக்காகச் செலவிடுகிறோம் என்று தெரிந்தே செய்தார். ஹாரிஸ் தம்முடைய புலமையைப் பாட்டின் பெருமை என்று எண்ணிக்கொண்டார். விமர்சகர்களே, முன்னுரை எழுதுகிறவர்களே, நூல் வெளியீட்டு விழாவில் வாழ்த்திப் பேசுகிறவர்களே, நான் உட்பட நாம் எல்லோரும் ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. இந்தப் பொருள் கவிதையில் இருந்ததா, என் பையிலிருந்து நான் எடுத்துப் போட்டேனா?

ஆனால் எர்ன் மாலி கதைக்கு இன்னொரு திருப்பம் இருக்கிறது. அதுதான் எனக்கு மிக முக்கியமானது.

எர்ன் மாலி சாகவில்லை! அமெரிக்கக் கவிஞர்கள் ஜான் ஆஷ்பெரியும் கென்னத் கோக்கும் 1961இல் தங்கள் பத்திரிகையில் அவனை மறுபடி அச்சிட்டார்கள். ஆஷ்பெரி பேராசிரியராக இருந்தபோது தேர்வில் இரண்டு கவிதைகளைப் பெயரில்லாமல் கொடுப்பாராம். ஒன்று ஆங்கிலக் கவிஞர் ஜெஃப்ரி ஹில் உள்ளத்திலிருந்து எழுதியது, மற்றது எர்ன் மாலியுடையது. எது போலி என்று காரணத்தோடு எழுதுங்கள் என்பார். 1991இல் பென்குவின் வெளியிட்ட நவீன ஆஸ்திரேலியக் கவிதைத் தொகுப்பில் அந்தப் பதினாறும் இடம்பெற்றன. பிறக்காத கவிஞனுக்கு இந்த மரியாதை ஏன்?

ஏனென்றால் எழுதிய கைகள் பயின்ற கைகள். முதலில் சொன்னேனே, நினைவிருக்கிறதா? இருவரும் யாப்பு கைவந்தவர்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவனை ஆற்றில் இறக்கி, மூழ்கிக் காட்டு என்றால் மூழ்குவானா? உடம்பு தானாகவே மிதந்துவிடும். கெட்ட கவிதை எழுதுவோம் என்று உட்கார்ந்தார்கள், காது விடவில்லை. கொசு அறிக்கையிலிருந்து எடுத்த வரிக்குக்கூட ஒரு நடை வந்துவிட்டது. முதல் கவிதை மெக்காலி முன்னரே உண்மையாக முயன்று எழுதி, வெளியிடாமல் வைத்திருந்த ஒன்றைச் செப்பனிட்டது. வாசலில் உண்மையான கவிதையை நிறுத்திவிட்டு உள்ளே விளையாடியிருக்கிறார்கள். அந்த வாசலைத் தாண்டித்தான் ஹாரிஸ் உள்ளே போனார். அவர் முழுக்க ஏமாந்தார் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம்" என்று நிரூபிக்கப் போனவர்கள் எதை நிரூபித்தார்கள்? இரண்டு தேர்ந்த கவிஞர்கள் ஒரு நாள் உழைத்தால்தான் நம்பும்படியாக ஒரு போலியைச் செய்ய முடியும் என்பதை நிரூபித்தார்கள். இது ஒருமுறை மட்டும் நடந்ததும் அல்ல. அமெரிக்காவில் 1916இல் விட்டர் பின்னர், ஆர்தர் டேவிசன் ஃபிக்கே என்ற இரு கவிஞர்கள் இல்லாத பெயர்களில் இல்லாத இயக்கம் ஒன்றைத் தொடங்கி, ஸ்பெக்ட்ரா என்று நூல் போட்டு இலக்கிய உலகை இரண்டு ஆண்டு நம்பவைத்தார்கள். பின்னாளில் விட்டர் பின்னரே, அந்த முகமூடியோடு எழுதியவற்றில் சில தம் நல்ல படைப்புகளைச் சேர்ந்தவை என்று உணர்ந்தார். முகமூடி போட்டதும் பயம் போயிற்று, பயம் போனதும் கை திறந்தது.

கேலி செய்தவர்கள் பிறகு என்ன ஆனார்கள்? மெக்காலி ஆஸ்திரேலியாவின் முக்கியமான கவிஞராகவும் பத்திரிகை ஆசிரியராகவும் வாழ்ந்தார். ஸ்டூவர்ட்டின் கதை இன்னும் நெகிழ்ச்சியானது. அவர் 1966இல் ஜப்பானுக்குப் போய்க் கியோட்டோவில் குடியேறி, 1995இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். அதற்கு முன்பே ஹைக்கூக்களை ஆங்கிலத்தில் பெயர்த்து நூலாக வெளியிட்டிருந்தார். அவற்றையும் எதுகை அமைந்த ஈரடிகளாகவே பெயர்த்தார். ஒரு பிற்பகல் முழுவதும் கவிதையைக் கேலி செய்தவர் மீதி வாழ்நாள் முழுவதும் ஹைக்கூ கவிஞர் பாஷோவின் நாட்டில் கவிதைக்குத் தொண்டு செய்தார். கேலி செய்யும் தகுதி யாருக்கு உண்டு என்று என்னைக் கேட்டால், அவர் பெயரைச் சொல்வேன்.

நண்பர்களே, இப்போது நம் வீட்டுக்குள் வருவோம்.

தமிழில் புதுக்கவிதையைப் பார்த்து எழுந்த முதல் கேலி, யாப்புத் தெரியாதவர்கள் கண்டுபிடித்த குறுக்குவழி என்பது. வசன கவிதை எழுதிய பாரதிக்கு யாப்புத் தெரியாதா? ந. பிச்சமூர்த்தி 1934இல் மணிக்கொடி இதழில் எழுதத் தொடங்கினாரே, அவர் மரபைப் படிக்காதவரா? சி. சு. செல்லப்பா 1959 ஜனவரியில் எழுத்து பத்திரிகையைத் தொடங்கினார். 1962இல் 24 பேரின் 63 கவிதைகளைத் தொகுத்துப் புதுக்குரல்கள் கொண்டுவந்தார். புத்தகப் பையைத் தாமே சுமந்து ஊர் ஊராகப் போய் விற்றார். குறுக்குவழியில் போகிறவன் அவ்வளவு சுமை தூக்குவானா? அந்தக் கேலி படிக்காமல் செய்த கேலி. அதனால்தான் அது நிற்கவில்லை.

ஆனால் இன்றைய கேலி? "மடக்கி மடக்கி எழுதினால் கவிதையா?" என்கிறார்களே, இதற்கு நாம் பதில் சொல்லியே ஆக வேண்டும். இது சரியான இடத்தில் விழுந்த அடி.

ஓலைச்சுவடியைப் பார்த்திருக்கிறீர்களா? அதில் பாட்டை அடி அடியாக மடக்கி எழுதுவதில்லை. ஓலை முடியும்வரை எழுத்து ஓடும், மறுவரியில் தொடரும். பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளிகூட இருக்காது. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டாரே, அந்த வரிகள் எப்படிப் பிரிந்து வந்து நின்றன? காது பிரித்தது. சீரும் தளையும் பிரித்தன. எதுகை ஒவ்வோர் அடியின் தலையிலும் விளக்கேற்றி வைத்திருந்தது. ஆக, மரபுக் கவிதையை எப்படிக் குலைத்து எழுதினாலும் தெரிந்தவன் மீட்டெடுத்துவிடுவான்.

புதுக்கவிதையை அப்படி ஓட்டி எழுதி இன்னொருவர் கையில் கொடுங்கள். மீட்டெடுப்பாரா? கவிஞன் மடக்கிய அதே இடத்தில் மடக்குவாரா? மடக்குவார் என்றால் அந்த மடக்கில் உயிர் இருக்கிறது. மூச்சு அங்கே நிற்கிறது, பொருள் அங்கே திரும்புகிறது. எங்கே வேண்டுமானாலும் மடக்கலாம் என்றால், அது தாள் ஓரத்தில் முடிந்த உரைநடை. யாப்பு என்ற காவல்காரரை அனுப்பிவிட்டோம். அப்படியானால் வாசலில் யார் விழித்திருப்பது? கவிஞன்தான் விழித்திருக்க வேண்டும், வரிக்கு வரி விழித்திருக்க வேண்டும்! எல்லோருக்கும் சொல்கிறேன், உங்கள் கவிதையை ஒருமுறை ஓட்டி எழுதி நண்பரிடம் கொடுத்துப் பாருங்கள். கேலிக்காரர் வந்து செய்வதற்கு முன் நாமே செய்துவிடலாம்.

இன்னொரு நோயையும் சொல்ல வேண்டும். கரும்பலகையில் இடப்பக்கம் ஐந்து சொல் எழுதுங்கள். இரவு, மௌனம், தனிமை, கடல், நினைவு. வலப்பக்கம் ஐந்து சொல். சிறகு, நிழல், சாம்பல், வேர், உப்பு. நடுவில் 'இன்' என்ற உருபைப் போடுங்கள். இரவின் சிறகு. மௌனத்தின் சாம்பல். தனிமையின் உப்பு. நினைவின் வேர். ஐயைந்து இருபத்தைந்து தலைப்புகள், ஒரு நிமிடத்தில்! வகுப்பில் இதைச் செய்து காட்டியபோது என் மாணவர்கள் சிரித்தார்கள். ஒருவன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் நோட்டில் இருந்த கவிதையின் தலைப்பு அந்தப் பட்டியலிலேயே இருந்தது. வகுப்பு முடிந்ததும் அவனைத் தனியே கூப்பிட்டு, "தனிமையின் உப்பு என்று எழுதியிருக்கிறாயே, எங்கே ருசித்தாய்?" என்று கேட்டேன். அவன் வெகுநேரம் யோசித்துவிட்டு, "விடுதியில் சேர்ந்த முதல் நாள் சாப்பாட்டில் உப்பே இல்லை ஐயா, அம்மா ஞாபகம் வந்தது" என்றான். அதையல்லவா எழுத வேண்டும்? அந்த உப்பில்லாச் சோற்றை விட்டுவிட்டு, பலகையில் கிடந்த உப்பை ஏன் எடுத்தான்? பிறர் கவிதையில் பார்த்துப் பழகிவிட்டதுதான் காரணம். நல்ல கேலி இந்த இடத்தைத்தான் தொட வேண்டும்.

ஹைக்கூவிலும் இது நடக்கிறது. மூன்றாம் வரியில் ஒரு திடுக்கீடு வைத்தால் ஹைக்கூ என்று ஆகிவிட்டது. 1916இல் பாரதி ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதியபோது அந்தச் சொற்சுருக்கத்தைக் கண்டு மகிழ்ந்து எழுதினார். அமெரிக்காவில் ஸ்பெக்ட்ரா கேலி அரங்கேறியதும் அதே ஆண்டுதான். ஒரே ஆண்டில் அங்கே புதியதைப் பார்த்துச் சிரித்தார்கள், இங்கே புதியதைப் பார்த்துக் கை நீட்டி வரவேற்றார்கள். இரண்டும் வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

கடைசியாக ஒரு வகுப்பறைச் சோதனை. 1920இல் ட்ரிஸ்டான் ஜாரா என்ற கவிஞர், கவிதை எழுதும் முறை என்று ஒன்றை எழுதினார். செய்தித்தாளைச் சொல் சொல்லாக வெட்டு, பையில் போட்டுக் குலுக்கு, வந்த வரிசையில் எழுது, முடிந்தது என்றார். அதை நான் பதினொன்றாம் வகுப்பில் செய்து பார்த்தேன். செய்தித்தாளுக்குப் பதிலாக, நீங்கள் வரும் வழியில் பார்க்கிற எழுத்துகளைச் சீட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள் என்றேன். பேருந்துப் பலகை, ரேஷன் கடைப் பலகை, நாள்காட்டித் தாள், உர மூட்டை என்று எல்லாம் வந்தன. ஒரு மஞ்சப்பையில் போட்டுக் குலுக்கினோம்.

முதலில் ஒரு பையன் எடுத்தான்.

மேற்கே சூலம்
நிகர எடை ஐம்பது கிலோ
சரியான சில்லறை தரவும்
இன்று கரிநாள்

வகுப்பு குலுங்கிச் சிரித்தது. நானும் சிரித்தேன். அடுத்தடுத்து எடுத்தார்கள், சிரிப்பு நிற்கவில்லை. பிறகு கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு மாணவி வந்தாள். ஐந்து சீட்டு எடுத்தாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். மூன்றைத் திரும்பப் பைக்குள் போட்டுவிட்டாள். மீதி இரண்டைப் படித்தாள்.

கைக்குழந்தையுடன் வருவோருக்கு
இருப்பு இல்லை

யாரும் சிரிக்கவில்லை. மின்விசிறிச் சத்தம் கேட்டது.

யார் எழுதிய கவிதை இது என்று கேட்டேன். "முதல் வரி பஸ்ஸில் எழுதியிருந்தது ஐயா. ரெண்டாவது ரேஷன் கடையில் துவரம் பருப்புக்கு நேராக எழுதியிருந்தது" என்றாள். மூன்றை ஏன் திரும்பப் போட்டாய் என்றேன். "அதையும் சேர்த்தால் சிரிப்பு வந்துவிடும்" என்றாள்.

பிறகு அவளே ஒரு சந்தேகம் கேட்டாள். இரண்டு வரிக்கும் நடுவில் ஒரு வரி அளவு இடம் விடலாமா, விடாமல் ஒட்டி எழுதலாமா? கரும்பலகையில் இரண்டு விதமாகவும் எழுதினோம். வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. இடம் விட்டால் அந்தத் தாய் வரிசையில் காத்திருக்கிற நேரம் தெரிகிறது என்றது ஒரு கட்சி. ஒட்டி எழுதினால் கடைக்காரர் முகத்தில் அடித்தாற்போல் சொல்வது கேட்கிறது என்றது மறு கட்சி. முடிவு வருவதற்குள் மணி அடித்துவிட்டது. மறுநாள் காலை, இறைவணக்கத்துக்கு மணி அடிக்கும் முன்பே அவள் ஆசிரியர் அறை வாசலில் நின்றிருந்தாள். இடத்தை எடுத்துவிட்டேன் ஐயா என்று நோட்டை நீட்டினாள்.